வீட்டுக்குள் ஒரு சுண்ணாம்புக் காளவாய்

மதுரையில் வைகைக்கு வடகரையில் வசிக்கும் நமது நண்பர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். கூடத்தின் நடுவில் பழைய பத்திரிகைகளை விரித்து, அவற்றின்மேல் வெந்நீர் போடும் 'கீஸர்' யந்திரத்தைக் கிடத்தியிருந்தார்கள். ரிப்பேர்காரர் அதன் வயிற்றுக்குள் கைவிட்டு ஒரு கம்பிச் சுருளை வெளியே எடுத்தார். அதில் கம்பி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது! வெள்ளைப் பாறை ஒன்று அதை அவ்வளவு கனமாகக் கவ்விக்கொண்டிருந்தது. தரையில் தட்டியதும் ஓடு ஓடாக உதிர்ந்தது.

"வாங்கி இரண்டு வருஷங்கூட ஆகவில்லை. நன்றாக ஏமாற்றிவிட்டான் கடைக்காரன்" என்றார் நண்பர்.

"கடைக்காரர் என்ன செய்வார், சார்? இது தண்ணீர் செய்த வேலை" என்றார் ரிப்பேர்காரர்.

ரிப்பேர்காரர் பக்கந்தான் நியாயம் இருக்கிறது. மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் அநேக வீடுகளில் புழங்குவது ஒரு தண்ணீர் அல்ல, இரண்டு தண்ணீர். நகரசபைக் குழாயில் முறை வைத்து வருவது ஆற்று நீர். மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை 1895-ம் வருஷத்தில் பென்னிகுயிக் துரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார். 1959-ல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணையும் எழுந்தது. காட்டிலும் மலையிலும் பெய்த மழை, கரும்பாறைமேல் ஓடி வருவதால், சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்ள அதற்கு அதிக அவகாசம் இல்லை.

ஆழ்குழாய்க் கிணற்று நீரின் கதை வேறு. மண்ணுக்குள் இறங்கும்போதே அது கரியமில வாயுவை ஏற்றுக்கொள்கிறது. பிறகு சுக்கான் கல்லையும் பாறை இடுக்கையும் தடவித் தடவி, வருஷக்கணக்கில் உள்ளேயே தங்கி, கால்ஷியத்தையும் மக்னீஷியத்தையும் கரைத்துக்கொள்கிறது. தெற்கே பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டுகிறார்கள் என்பதை நினைத்தால், இந்தப் பூமியின் குணம் விளங்கும். ஜனங்கள் இதை 'உப்புத் தண்ணீர்' என்கிறார்கள். சாஸ்திரக்காரர்கள் 'கடின நீர்' என்கிறார்கள்.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போவதும், துவரம் பருப்பு அடுப்பில் எத்தனை நேரம் கொதித்தாலும் முழுசாகவே நிற்பதும் அவர்கள் அறிந்ததே. பருப்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசைப் பொருளை இந்தக் கால்ஷியம் இறுக்கிவிடுகிறது.

நீரைச் சுட வைத்தால் வம்பு முற்றுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பில் ஒரு பகுதி, சூடு பட்டதும் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கல்லாகப் படிந்துவிடும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினமுள்ள நீரில் 50 லிட்டர் எடுத்தால் 25 கிராம் சுண்ணாம்பு அதில் இருக்கிறது. எல்லாமே படிவதில்லை. ஆனால் தினந்தோறும் கொஞ்சம் படிந்தால் போதாதா? கல்லைத் தாண்டிச் சூடு எளிதில் போகாது. உள்ளே கம்பி தகிக்கும், மின்சாரக் கட்டணம் ஏறும், ஒரு நாள் கம்பி அறுந்துபோகும். சலவை யந்திரத்துக்கும் நீராவி இஸ்திரிப் பெட்டிக்கும் இதே கதிதான்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். கீஸரைக் கொல்லும் இதே சுண்ணாம்பு, சாயத் தொட்டியில் உபகாரியாக இருந்திருக்கிறது. வைகைத் தண்ணீரில்தான் மதுரைச் சிவப்பு நன்றாகப் பிடிக்கும் என்று சொல்வதுண்டு. சாயவேர்ச் சிவப்பு படிகாரத்தோடு கொஞ்சம் கால்ஷியமும் சேர்ந்தால்தான் அழுத்தமாக நிற்கும் என்று ரஸாயன சாஸ்திரமும் ஒப்புக்கொள்கிறது.

நண்பரிடம் திரும்புவோம். அவர் ஏற்கெனவே ஒரு விற்பனையாளரிடம் அகப்பட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை அமிழ்த்தி மின்சாரம் செலுத்த, தண்ணீர் காப்பிக் கஷாயம் போல் ஆகிவிட்டதாம். "இதையா குடிக்கிறீர்கள்?" என்று கேட்டாராம். அந்த அழுக்கு தண்ணீருடையதே அல்ல; கரைந்துபோன இரும்புக் கம்பியின் துரு! உப்பை அறவே நீக்கிய நீரில் மின்சாரம் ஓடாது. ஆகவே துருவும் வராது. இந்த வித்தையை நம்பி நண்பர் ஆர்.ஓ. யந்திரம் ஒன்றை வாங்கி, அதை நகரசபைக் குழாயில் மாட்டியிருக்கிறார். ஒரு குடம் தருவதற்கு இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்பும் யந்திரங்கள் பல உண்டு. முறை வைத்துக் காத்திருந்து பிடித்த பெரியாற்று நீர் இப்படியா போக வேண்டும்! கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் இந்த யந்திரத்தைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டது. ஆற்று நீரில் கிருமிக்குத்தான் பயப்பட வேண்டும். அதற்குக் காய்ச்சிக் குடித்தால் போதும்.

கடின நீரைக் குடிப்பதாலும் பெரிய கேடு இல்லை. இந்தியத் தர அமைப்பு 200 மில்லிகிராமை விரும்பத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாத இடங்களில் 600 வரை ஏற்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது.

நண்பர் வீட்டில் நிஜமான கோளாறு மாடியில் இருந்தது. இரண்டு தண்ணீரையும் ஒரே தொட்டியில் விட்டுக் கலந்துகொண்டிருந்தார். தொட்டியை இரண்டாக்கி, ஆற்று நீரைச் சமையலறைக்கும் கீஸருக்கும், கிணற்று நீரைக் கழிவறைக்கும் தரை கழுவவும் பிரிக்கும்படி சொன்னோம். குழாய்க்காரர் கூலி புதிய யந்திரத்தின் விலையைவிடக் குறைவு. கீஸரின் சூட்டை 60 டிகிரிக்குமேல் ஏற்றாதிருந்தால் படிவது மட்டுப்படும். படிந்ததைச் சுரண்டக் கூடாது. எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப்போட்டால் பொங்கிக் கரையும். ஆனால் அதைப் பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்க வேண்டாம், விஷவாயு கிளம்பும்.

மழை நீரில் கடினமே கிடையாது. மதுரையில் வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் மாடியில் விழுவது 85,000 லிட்டர்! மாடிக் குழாயின் கீழ் ஒரு பீப்பாயாவது வைக்கலாமே என்றோம். நண்பரின் மனைவியார் சிரித்தார். "நான் போன ஐப்பசியிலேயே வைத்துவிட்டேன். இவருக்குத்தான் தெரியாது. பருப்பு இப்போது எப்படி வேகிறது என்று இவர் கேட்டால்தானே!" என்றார்.