கூத்துக்காரரின் தொண்டை

ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் கூத்து என்றால் ராத்திரி தொடங்கி விடியும்வரை. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை எல்லாவற்றையும் மீறி உச்சத்தில் பாட வேண்டும். இரணியன் வேசம் கட்டும் எனக்குக் குரல் கம்மிப்போனது. அதிமதுரம், பனங்கற்கண்டு எதற்கும் கேட்கவில்லை. மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, குரல்நாணில் இருந்த முடிச்சைத் திரையில் காட்டினார். அறுவை வேண்டாம், ஓய்வும் குரல் பயிற்சியும் போதும் என்றார். இப்போது காலர் மைக் இருப்பதால் தொண்டை கிழியக் கத்துவதில்லை. மைக் கூத்தைக் கெடுக்கும் என்கிறார்கள் பெரியவர்கள். குரல் போனபின் கூத்து ஏது? 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறது. கூத்துக்காரர்களின் தொண்டையையும் அதில் சேருங்கள். மாசித் திருவிழாக்களுக்கு முன்பே, தை மாதத்தில் முகாம் போடுங்கள்.