பணிக்குப் போன நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

குட்மேய்ஸ் நிலையத்தில் எலிசபெத் லைன் ரயிலேறி அலுவலகம் போகும் தமிழர்களில் பலருக்கு வேலை லண்டனோடு முடிவதில்லை. மென்பொருளோ வங்கியோ பொறியியலோ, பிராங்பர்ட்டுக்கும் துபாய்க்கும் சென்னைக்கும் வாரக்கணக்கில் போய்வரச் சொல்வது நிறுவனம்தான். சம்பளம், வரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கே. இருந்தும் உங்கள் துறை நாட்களை எண்ணும்போது, அந்த வாரங்களையும் விடுமுறைக்கு ஊர் போன வாரங்களையும் ஒரே பட்டியலில் போடுகிறது. பிரித்தானிய நிறுவனம் தன் பணிக்காக அனுப்பிய நாட்களை, ஒரு வரம்புக்குள், இங்கே வாழ்ந்த நாட்களாக ஏற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

திறன் பணியாளர் விசாவில் இருப்பவர் நிரந்தர வதிவிட உரிமை பெற, ஐந்தாண்டுக் காலத்தில் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 180 நாட்களுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. குடியுரிமைக்கு அளவுகோல் வேறு: ஐந்தாண்டுகளில் 450 நாட்கள், அதிலும் கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் 90. ஆண்டுக்கு 150 நாட்கள் பணிப்பயணம் செய்தவருக்கு முதல் கதவு திறக்கும்; அதே பயணம் ஐந்தாண்டுகளில் 750 நாட்களாகி இரண்டாவது கதவை அடைத்துவிடும். வதிவிட உரிமை கிடைத்த பிறகும் நிம்மதி இல்லை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தால் அது காலாவதியாகிறது. பிரான்சிலோ டென்மார்க்கிலோ குடியுரிமை பெற்று இங்கே குடியேறி, பிரெக்ஸிட்டையொட்டி வந்த ஐரோப்பியர் திட்டத்தில் நிரந்தர நிலை பெற்ற ஈழத்தமிழருக்கோ ஐந்து ஆண்டு அவகாசம். அடுத்த வீட்டில் சென்னைக்காரர் இரண்டு ஆண்டுக்குள் திரும்பியாக வேண்டும். பிரெக்ஸிட் உடன்படிக்கை இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சொல்லும், நியாயம் சொல்லாது.

1981 ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின் முதல் அட்டவணையே என் வாதத்துக்குத் துணை. விண்ணப்பதாரரின் வருங்காலத்தைப் பற்றிக் கேட்கும் இடத்தில், ‘இங்கே வீடு வைத்திருப்பேன்’ என்பதற்கு மாற்றாக, ‘இந்நாட்டில் நிறுவப்பட்ட கம்பெனியில் பணியாற்றுவேன்’ என்ற எண்ணத்தையும் அது ஏற்கிறது. முடியரசின் பணியில் வெளிநாட்டில் இருப்பவருக்கோ, ஐந்தாண்டு வசிப்பு நிபந்தனைக்கே மாற்று வழி உண்டு. ஆக, பணிக்காக வெளியே இருப்பதால் ஒருவருக்கு இந்நாட்டுடனான பிணைப்பு அறுந்துவிடாது என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. கம்பெனி ஊழியரின் கடந்தகாலத்தை எண்ணும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறது.

விதியில் நெகிழ்வு ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், பணி நிமித்தம் அடிக்கடி பயணம் செய்தவர்களின் கூடுதல் நாட்களைப் பொருட்படுத்தாமல் விட அதிகாரிகளுக்கு வழிகாட்டுதல் உண்டு. ஆனால் அது விருப்புரிமை. 2025 ஏப்ரலில் குடியுரிமை விண்ணப்பக் கட்டணம் 1,605 பவுண்டு. மறுத்தால் அது திரும்பாது, தீர்ப்பாயத்தில் மேல்முறையீடும் இல்லை. அதிகாரியின் தாராளத்தை நம்பி அவ்வளவு பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருப்பது சூதாட்டமாகத்தான் படும். நாட்டில் இருந்தால்தானே சமூகத்தோடு கலக்க முடியும் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதனால்தான் வரம்பு கேட்கிறேன்: ஆண்டின் பெரும்பகுதி இங்கே கழிந்திருக்க வேண்டும், மொழித் தேர்வும் ‘லைஃப் இன் த யூகே’ தேர்வும் அப்படியே இருக்கட்டும். பொய்க் கடிதங்கள் வரலாம் என்ற அச்சத்துக்குச் சம்பளப் பதிவும் வரித்துறைக் கணக்குமே போதுமான காவல்.

2025 மே மாத வெள்ளை அறிக்கை, நிரந்தர வதிவிடத்துக்கான பொதுவான காத்திருப்பைப் பத்தாண்டாக உயர்த்த முன்மொழிந்தது. அந்தப் பாதையில் 180 நாள் கெடுபிடியும் கூடவே வந்தால், பத்தாண்டு முழுவதும் ஒவ்வொரு பணிப்பயணமும் எண்ணப்படும். அந்தப் பத்தாண்டு விதி வரும்போதே பணிப்பயணத்துக்கான விலக்கையும் எழுதிவிடலாம். நீண்டகால வசிப்பு வழியில் இருந்த 548 நாள் மொத்த வரம்பை 2024 ஏப்ரலில் நீக்கியது உங்கள் துறைதான். அதற்குப் புதிய சட்டம் தேவைப்படவில்லை, குடிவரவு விதிகளில் ஒரு திருத்தமே போதுமாயிருந்தது.

இப்படிக்கு,
குட்மேய்ஸ்வாசி ஒருவர்