எலியைச் சோதிக்கச் சொல்லிக் கேட்காதவர்கள்

மழை விட்டு வெள்ளம் வடிந்த பிறகு வரும் காய்ச்சலை 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதிப் பழகிவிட்டோம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான் பேச்சு அடிபட்டது. உயிர்கள் போன பிறகே அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அந்தமானில் நடந்தது இன்னும் கசப்பானது. அங்கே இந்த நோய் இருப்பதை டெய்லர், கோயல் என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1931-லேயே வெளியிட்டிருந்தார்கள். 1980களின் இறுதியில் அதே தீவுகளில் காய்ச்சலோடு இருமலில் ரத்தம் வந்து ஆட்கள் இறந்தபோது, 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று புதுப் பெயர் வைத்தோம். காரணம் எலிக்காய்ச்சல்தான் என்று தெரிய 1990கள் வரவேண்டியிருந்தது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் இனாடாவும் இடோவும் இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தது 1915-ல். எலியின் சிறுநீரகத்தில் அது குடியிருக்கிறது என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. ஆகவே அறியாமையைச் சாக்காகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பிளேக் காலத்தில் எலிகள் செத்து விழுந்தன. அதைப் பார்த்து ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். எலிக்காய்ச்சலில் எலி சாவதில்லை. கொழுகொழுவென்று ஓடித் திரிந்தபடியே மாதக்கணக்கில் சிறுநீரில் லெப்டோஸ்பைரா கிருமியை விட்டுக்கொண்டிருக்கும். வயல் சேற்றிலும் சாக்கடைத் தண்ணீரிலும் நிற்பவரின் கால் வெடிப்பு வழியாக அது உள்ளே போகும். எலி செத்து எச்சரிக்காது என்பதால்தான் அதைப் பிடித்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கிருமியில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. நோயாளியின் ரத்தச் சீரத்தை உயிருள்ள கிருமிகளோடு கலந்து பார்ப்பதுதான் உறுதியான சோதனை. நம் ஊர் எலியிடம் உள்ள வகை ஆய்வகத்தின் தொகுப்பில் இல்லாவிட்டால், நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். எலியின் சிறுநீரகத்திலிருந்து கிருமியை வளர்த்தெடுக்க வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். காய்ச்சல் பரவிய பிறகு தொடங்கினால் அந்த ஆண்டு நோயாளிக்கு அது உதவாது.

நகராட்சிகள் விஷம் வைத்தன. விவசாயிகள் கிட்டி வைத்தோம். பத்திரிகைக்காரர்கள் சாவை எண்ணினோம். சென்னை மாதவரத்திலும் அந்தமானின் போர்ட் பிளேயரிலும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இந்தக் கிருமியை ஆராயும் ஆய்வகங்கள் இருக்கின்றன. நம் வட்டாரத்துப் பெருச்சாளியையும் வரப்பெலியையும் அங்கே அனுப்புங்கள் என்று நாம் குரல் எழுப்பவில்லை. வளை பார்த்து எலி பிடிப்பதில் இருளர் பழங்குடியினரை மிஞ்ச ஆளில்லை. அவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் முறையான கூலியும் கொடுத்து இந்தப் பணியில் அமர்த்தவும் நமக்குத் தோன்றவில்லை. எலியோடு அதிகம் புழங்குகிறவர்களும் அவர்கள்தான், சோதனை முதலில் சென்று சேரவேண்டியதும் அவர்களிடம்தான் என்பதை நினைக்கையில் வெட்கமாக இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எலிகளைப் பிடித்துச் சோதிக்கும்படி உங்கள் ஊராட்சிக் கூட்டத்தில் கேளுங்கள். சேற்றிலோ வெள்ளத்திலோ நின்ற பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், எங்கே நின்றீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.