செலவைக் குறைக்க வழி உண்டு. அது எங்கள் கூலியில் இல்லை



மலையகத்தில் லயத்தில் பிறந்த நான் இப்போது குடியிருப்பது கல்லடியில். பாலத்துக்குக் கிட்ட ஒரு தேநீர்க் கடை. காலையில் பிளேன்டீ குடிப்பது அங்கேதான். சாமான் விலை ஏறிய நேரம், கடைக்கார அண்ணன் மலிவான தூளுக்கு மாறிப் பார்த்தார். ஒரு கரண்டி போட்ட இடத்தில் ஒன்றரைக் கரண்டி போட வேண்டி வந்தது. அப்படியும் சாயம் இறங்கவில்லை. வழமையாக வருகிறவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். ஒரு மாதத்தில் பழைய தூளுக்கே திரும்பிவிட்டார். “மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் தூள் இல்லை தம்பி, அடுப்பு” என்றார். கேத்திலுக்கு நல்ல மூடி போட்டார், அடுப்பைத் திருத்தினார். காஸ் செலவு குறைந்தது. தேநீர் கெடவில்லை.

அவர் ஒரு மாதத்தில் படித்த பாடத்தை, 1992 இல் தோட்டங்களைப் பொறுப்பெடுத்த பெருந்தோட்டக் கம்பனிகள் முப்பது வருடம் தாண்டியும் படிக்கவில்லை.

நாம் சம்பளம் கேட்கும்போதெல்லாம் வரும் பதில் ஒன்றுதான்: “உற்பத்திச் செலவு கூடிவிட்டது.” 2021 இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1000 ரூபாய் வந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். 2024 இல் 1700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது நீதிமன்றம் போனார்கள். அந்த வருடம் செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் என்று முடிந்தது.

கொழும்பு ஏலத்தில் விலையைத் தாங்கள் தீர்மானிக்க முடியாது என்கிறார்கள். அது உண்மைதான். அதனால்தான் கேட்கிறோம்: விலை உங்கள் கையில் இல்லையென்றால், தரமும் செலவும்தானே உங்கள் கையில் இருக்கின்றன? அவற்றை எப்படிப் பார்க்கிறீர்கள்?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 4½ கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு மலையில் ஒருவருக்கு நாளைக்கு 16 கிலோ கொழுந்துதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1350 ரூபாயை 16 ஆல் பிரித்தால் கிலோவுக்கு 84 ரூபாய். ஒரு கிலோ தூளுக்குப் பறிகூலி 380 ரூபாய் அளவில் வரும். அதே ஆள், அதே சம்பளம். ஆனால் செடி செழித்த மலையில் 24 கிலோ கிடைத்தால் 253 ரூபாய்தான். கிலோவுக்கு 127 ரூபாய் குறைந்துவிட்டது. கூலியில் ஒரு சதமும் வெட்டவில்லை.

அப்படியானால் செலவைக் கூட்டுவது கூலியா, பராமரிக்காத மலையா?

“வேகமாகப் பறியுங்கள், நிறையைக் கூட்டுங்கள்” என்கிறார் துரை. கை வேகமானால் செடி கொழுந்து விடாது. இல்லாத கொழுந்தைப் பறிக்கச் சொன்னால் முத்தின இலையும் குச்சியும்தான் சாக்கில் விழும். ரவுண் ஏழு நாளில் வரவேண்டிய மலைக்குப் பதினான்கு நாளில் போனாலும் இதே கதி. அந்த இலையில் நாரும் குச்சியும் கூடும், தரம் இறங்கும், ஏலத்தில் விலை விழும். பிறகு அந்த நட்டத்தைக் காட்டி மறுபடியும் நம் கூலியைத்தான் பார்ப்பார்கள்.

மண்ணுக்குப் போட வேண்டியதைப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று நாடே பார்த்தது. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. அந்த வருடம் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. உரம் இல்லாமல் தேயிலை இல்லை என்று அன்றைக்குக் கம்பனிகளும் சத்தம் போட்டன. சரியான பேச்சு. அதே பேச்சைச் செலவுக் கணக்கு எழுதும்போது மறக்கலாமா? உரத்தையும் புல்வெட்டையும் தள்ளிப்போட்டால் இந்த வருடக் கணக்கில் மிச்சம் தெரியும். அடுத்த வருடம் கொழுந்தில் அது நட்டமாக வரும்.

மீள்நடுகையும் அப்படியே. வருடத்துக்கு நூற்றுக்கு 2 வீதம் மீள்நடுகை செய்ய வேண்டும் என்பது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனை. அப்படிச் செய்தால் 50 வருடத்தில் தோட்டம் முழுக்கப் புதுச் செடியாகும். நம் பாட்டி பறித்த செடியில் இன்று நம் பிள்ளைகள் பறிக்கும் மலைகள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனித் தொழிற்சாலைக்குள் வருவோம். கொழுந்து வாட்டும் விசிறிகள் மணிக்கணக்காக ஓடுகின்றன. கொழுந்து வாட வாட அவ்வளவு காற்றுத் தேவையில்லை. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி பொருத்தினால் போதும். ஈர விறகை எரித்தால், சூட்டில் ஒரு பங்கு விறகில் உள்ள தண்ணீரை விரட்டவே போய்விடும். கூரை போட்டுச் சில மாதம் காயவைத்த விறகு குறைவாகவே செலவாகும். தூளின் தரத்துக்கு இதனால் ஒரு குறையும் வராது. கடைக்கார அண்ணனுக்குக் கேத்தில் மூடி எப்படியோ, கம்பனிக்கு இவை அப்படி.

நம் பக்கத்திலும் கடமை உண்டு. நிறைக்காக முத்தின இலையைச் சாக்கில் அமுக்குவது நமக்கு நாமே குழி வெட்டுவது. நல்ல கொழுந்து கொடுப்போம். அதைக் கொடுத்துவிட்டுத்தான் உரிமையோடு கேட்கிறோம்:

ஒன்று, மலையின் விளைச்சலைப் பார்த்து நாள் நிறையைத் தீர்மானியுங்கள். எல்லா மலைக்கும் ஒரே நிறை வேண்டாம்.

இரண்டு, மடுவத்தில் தராசைத் தொழிலாளி கண்ணால் பார்க்கும்படி வையுங்கள். தண்ணீருக்கு, சாக்குக்கு என்று மனம்போன போக்கில் கிலோ வெட்டுவதை நிறுத்துங்கள்.

மூன்று, உரம், மீள்நடுகை, மின்சாரம், விறகு, நிர்வாகச் செலவு எவ்வளவு என்று தோட்டவாரியாகத் தொழிற்சங்கத்துக்குக் கணக்குக் காட்டுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்கும் சம்மதம்தான். தோட்டம் மூடினால் முதலில் அடுப்பு அணைவது லயத்தில். ஆனால் அடுத்த பேச்சுவார்த்தையில் “செலவு கூடிவிட்டது” என்று அவர்கள் தொடங்கினால், “எந்தச் செலவு? கணக்கை எடுங்கள்” என்று நம் தலைவர்கள் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கச் சொல்லி ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதமே தீர்மானம் எடுக்கட்டும்.