புரோட்டான் வைத்தியம் யாருக்கு?

வெள்ளிமலையில் மரவள்ளிக் காட்டில் பாடுபடும் பெண்ணுக்கோ, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் உழைக்கும் தொழிலாளிக்கோ புற்றுநோய் வந்தால் என்ன கதி? விஞ்ஞானம் வழி கண்டிருக்கிறது. அந்த வழி ஏழையின் குடிசை வரை வருகிறதா என்பதே கேள்வி.

புதிய வழிகளில் ஒன்று புரோட்டான் கதிர் சிகிச்சை. வழக்கமான எக்ஸ்ரே கதிர் கட்டியைத் தாக்கிய பின்னும் உடம்பை ஊடுருவிச் செல்கிறது. வழியிலுள்ள நல்ல சதையும் சேதமடைகிறது. அணுக்கருவிலுள்ள புரோட்டானோ, குறித்த ஆழத்தில் தன் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். குழந்தைகளின் மூளை, முதுகுத்தண்டுக் கட்டிகளுக்கு இது பேருதவி.

2019-ல் சென்னையில் அப்போலோ இதைத் தொடங்கியது. அது தனியார் ஸ்தாபனம். செலவு பல லட்சம். 2023-ல் நவி மும்பையில், அணுசக்தித் துறையின் கீழுள்ள டாட்டா நினைவு மையத்தின் நிலையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அது மக்கள் பணம். தமிழகத்திலும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை வேண்டும். மடிப்பணத்தைப் பார்த்தல்ல, நோயைப் பார்த்து இடம் தரவேண்டும்.

ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும் புரோட்டான் தேவையில்லை. நம் பெண்களை வாட்டும் கருப்பை வாய்ப் புற்றையும், புகையிலை தரும் வாய்ப் புற்றையும் ஆரம்பத்திலேயே கண்டால், அறுவையாலோ வழக்கமான கதிர் சிகிச்சையாலோ பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

அதற்கும் தடை இருக்கிறது. கதிர் சிகிச்சை பெரும்பாலும் வாரம் 5 நாள், ஆறேழு வாரம் நடக்கும். மலையிலிருந்து இறங்கி, புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ போய்த் தங்க வேண்டும். துணைக்கு ஓர் ஆள். இரண்டு பேர் கூலி போயிற்று. வைத்தியம் இலவசமென்றால் வயிறும் இலவசமாக நிறையுமா? பாதியில் ஊர் திரும்பினால் எந்த எந்திரத்தாலும் பயனில்லை. இ.எஸ்.ஐ. பாதுகாப்புள்ள தொழிலாளிக்கு, தகுதி இருந்தால், புற்றுநோய்க் காலத்தில் கூலியில் 80 சதவீதம் உதவித்தொகை உண்டு. விவசாயக் கூலிக்கு அத்தகைய உரிமை எங்கே?

எனவே நாம் கோருவது இது: மலைக் கிராமங்களில் தவறாமல் பரிசோதனை, 2022-ல் திறந்த கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரியில் முழு அளவில் கதிர் சிகிச்சை, வெளியூர் போகும் நோயாளிக்கும் துணைக்கும் தங்குமிடம், உணவு, இழந்த கூலிக்கு ஈடு.

ஆறாத வாய்ப்புண், மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். சங்கக் கூட்டந்தோறும் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி அனுப்புங்கள். உழைப்பவன் வரிப்பணத்தில் வளர்ந்த அணு விஞ்ஞானம் உழைப்பவன் உயிரைக் காக்கட்டும்!