பேருந்தின் நெற்றியில் ஓர் எண்

2017 சூன் திங்களில் ஆலுவாவுக்கும் பாலாரிவட்டத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய கொச்சி மெட்ரோ ரயில், 2024 மார்ச்சில் திருப்பூணித்துறையை எட்டிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் காயலில் மின்படகுகளும் ஓடுகின்றன. மகிழ்ச்சியே. ஆயினும் ரயில் எர்ணாகுளம் தெற்கிலிருந்து கடவந்திரைப் பக்கம் திரும்பிவிடுகிறது. தேவராவில் வாழும் நமக்குப் பேருந்தே கதி.

2018-இல் மெட்ரோ நிறுவனம் தன் நிலையங்களையும் வண்டி நேரங்களையும் எவரும் எடுத்தாளத்தக்க அட்டவணைகளாக வெளியிட்டது. அவ்வட்டவணை முறை 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் கூடிச் செய்த முயற்சியில் பிறந்தது. அதில் மாயம் ஒன்றுமில்லை. நிறுத்தம் எங்கே, வண்டி எது, எத்தனை மணிக்கு என்னும் சில பட்டியல்கள், அவ்வளவே! பேருந்தில் ஒரு கருவியைப் பொருத்திச் செயற்கைக்கோள்வழி அதன் இருப்பிடத்தை அறிந்து, இப்பட்டியலோடு ஒப்பிட்டால், வண்டி வரும் நேரத்தைக் கைப்பேசி சொல்லிவிடும். இளங்கலை மாணவரும் போடக்கூடிய கணக்குத்தான்.

ஆனால் பட்டியல் இருந்தாலன்றோ கணக்கு? இந்நகரின் தனியார் பேருந்துகள் பற்பல முதலாளிகளுக்கு உரியவை. அவற்றின் நெற்றியில் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் மலையாள எழுத்திலேயே காணப்படுகின்றன. எண்ணைத் தேடிக் காண்பது அரிது. மலையாளம் நம் காதுக்கு எட்டும் மொழி; கண்ணுக்கு எட்டுவதில்லை. கைப்பேசி "உன் வண்டி வந்துவிட்டது" என்று சொன்னாலும், வரிசையாய் வந்து நிற்கும் நான்கு வண்டிகளில் எது நம்முடையது? நாம் நடத்துநரைக் கேட்டு ஏறிவிடுவோம். விடியற்காலையில் தெற்கு ரயில் நிலையத்தில் வந்திறங்கும் நம் ஊர்க் கூலித் தொழிலாளி கேட்டு முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறதே! அடுத்த வண்டியில் அவர் போய்ச் சேருமுன் அன்றைய வேலைக்கு வேறொருவர் அமர்ந்திருப்பார்.

சென்னையைப் பாருங்கள். 29சி என்றால் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்லும் வண்டி. எழுத்தறியாத மூதாட்டியும் அதை அறிவார். இலண்டன் மாநகரில் 1906-லேயே பேருந்துகளுக்கு எண் வந்துவிட்டது. மலையாளிக்கும் தமிழர்க்கும் வங்காளிக்கும் பொதுவாய் விளங்கும் எழுத்து எண் ஒன்றே. செயலியும் செயற்கைக்கோளும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எண் முதலில் வரட்டும் என்கிறேன். ஒரு தகரப் பலகையும் கொஞ்சம் வண்ணமும் போதும். (மலையாளப் பலகையை எடுக்கச் சொல்கிறேன் என்று எவரும் கொள்ளற்க, அது இருக்கவேண்டிய இடம் அதுவே.)

போக்குவரத்து அதிகாரிகளிடம் விண்ணப்பம் கொடுப்பது நம் சங்கத்தின் வேலை. வெறுங்கையோடு போகலாகாது. பத்து மாணவர்கள் முறைவைத்து ஒரு வாரம் தேவராச் சந்திப்பில் நின்று, எந்த வண்டி எந்நேரம் எங்கே போகிறது என்று குறித்தால், ஒரு பட்டியல் கைக்கு வந்துவிடும். மலையாள நண்பர் இருவர் கூட இருப்பது நலம். பலகையை அவர்கள் படிக்கட்டும், நேரத்தை நாம் எழுதுவோம்.