ஒரே படகா?

வெள்ளமோ, விலையேற்றமோ, வியாபார நெருக்கடியோ, எது நேரிட்டாலும் ஆங்கிலம் கற்ற நம் கனவான்கள் மேடையேறி, "வீ ஆர் ஆல் இன் தி ஸேம் போட்" என்று திருவாய் மலர்ந்தருளுகிறார்கள். நாம் எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோமாம்! செவிக்கு இனிய வசனந்தான். ஆயின் தூத்துக்குடிக் கரையிலுள்ளவனுக்குப் படகைப் பற்றிப் பிறர் உபதேசிக்க வேண்டுவதில்லை.

முத்துச் சலாபத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். ஒரே தோணியில் சென்றவர்களில் ஒருவன் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிக் கடலடியில் இறங்குவான். மற்றொருவன் மேலே கயிற்றைப் பிடித்து நிற்பான். தோணிக்காரனோ கரையிலேயே இருக்கலாம். 1905ல் இலங்கை மரிச்சுக்கட்டிச் சலாபத்தில், எடுத்த சிப்பியை மூன்று பங்காக்கி இரண்டு பங்கை ஸர்க்கார் கைக்கொண்டது. எஞ்சிய ஒரு பங்கிலேதான் குளியாளிக்கும், கயிறு பிடித்தவனுக்கும், தோணிக்காரனுக்கும் பாகம். படகு ஒன்றே; ஆபத்தும் ஆதாயமும் ஒன்றல்ல.

கப்பல் வியாபாரத்திலும் அதுவே நடந்தது. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இனாமாகவும் பிரயாணிகளை ஏற்ற முன்வந்தது. பெரும் மூலதனமுடையவன் நஷ்டத்தைத் தாங்குவான். சிறு பங்குகளால் எழுந்த கம்பெனி எத்தனை நாள் தாங்கும்? நடுநிலை வகிக்கவேண்டிய அதிகார வர்க்கம் 1908ல் பிள்ளையவர்களைச் சிறையிலடைத்தது. கம்பெனியும் அழிந்தது. இதற்குச் 'சுதந்திரப் போட்டி' என்று பெயர்!

எனினும், பிள்ளையவர்கள் அந்நியனிடம் மட்டும் நியாயம் கேட்டவரல்லர். அதே 1908ல் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தையும் முன்னின்று நடத்தினார். தேசம் விடுதலை பெறுவதும், உழைப்பவன் தன் கூலியைப் பெறுவதும் அவருக்கு ஒரே காரியமாகத் தோன்றின. அந்நியன் போய்விட்டான். துறைமுகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பாகப் பிரிவினை சீர்ப்பட்டுவிட்டதா?

மழைக்காலம் வந்தால் உப்பளங்களில் வேலை நின்றுவிடுகிறது. அளத்துக்காரருக்கு அது லாபக் குறைவு. தொழிலாளிக்கோ அடுப்பெரியாத நாள். ஸர்க்கார் 5,000 ரூபாய் நிவாரணம் அளிக்க முன்வந்ததை வரவேற்கிறோம். ஆனால் நிவாரணம் வேறு, நியாயமான கூலி வேறு. அத்தொகை எத்தனை வாரங்களுக்குக் காணும் என்பதைக் குடும்பம் நடத்துவோர் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

தேசத்தொண்டர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: இனி எவரேனும் ஒரே படகு என்று பிரசங்கித்தால், கைதட்டுமுன், கடலில் இறங்குகிறவன் யார், அவன் பங்கு எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள். விடை வந்தபின் கைதட்டலாம்.